செங்குத்தாக நிற்காத கதவு

என் ஜீப்பின் முன்கண்ணாடிக்குக் கீழே, மற்ற டிரைவர்கள் சாமி படம் வைத்திருக்கும் இடத்தில், ஒரு பாதிக் கீல் கிடக்கிறது. உள்ளங்கையில் அடங்குகிற இரும்பு. துரு ஏறிப்போய்ப் பழைய புளி நிறத்தில் இருக்கும். போடிமெட்டு ரோட்டில் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவுக்கும் அது இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நகர்ந்து போய் ‘டக்’ என்று முட்டும். முன்சீட்டில் ஏறுகிறவர்கள் எல்லோரும் கேட்பார்கள். “என்னண்ணே இது, பேயோட்டுன சாமானா?” ஆமாம் என்று சொல்லிவிடுவேன். பேய் அங்கேயே இருந்துவிட்டது, ஓட்ட வந்தவரைத்தான் ஊரை விட்டு ஓட்டினார்கள் என்பதைச் சொல்வதில்லை. அதைச் சொல்லத் தொடங்கினால் எனக்குக் கோபம் வரும். வண்டி ஓட்டும்போது கோபப்படக் கூடாது.

என் கோபத்துக்கு இன்னொரு குறையும் உண்டு. எனக்குக் கோபம் வந்தால் பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். முகவாகு அப்படி. மேல்பல் இரண்டு முன்னால் நிற்பதால், நான் பல்லைக் கடித்தாலும் இளிப்பதுபோலவே தெரியும். வீட்டில் ஒருமுறை சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன். “இன்னொரு தடவ செஞ்சு காட்டுங்க” என்றாள் என் மனைவி. ஆகவேதான் எழுதுகிறேன். காகிதத்துக்கு என் பல் தெரியாது.

அந்தக் கீல் போடியில் எங்கள் பழைய நூலகத்தின் கதவில் இருந்தது. பஸ் ஸ்டாண்டுக்குக் கூப்பிடு தூரத்தில் ஒரு கட்டடம். தெருவை ஒட்டிக் கம்பிக் கேட். அதைத் தாண்டி ஒரு நடை. நடை முடிகிற இடத்தில் வாசிப்பறை. நடைக்கும் வாசிப்பறைக்கும் நடுவில்தான் அந்த ஒற்றைக் கதவு. தேக்கு என்பார்கள். கனத்தைப் பார்த்தால் குரங்கணி மலையில் வெட்டியெடுத்த பாறை என்றுதான் எனக்குத் தோன்றும். நிலைச்சட்டம் ஒரு பக்கம் இறங்கிவிட்டதால் கதவு திறந்தபடி நிற்காது, தானாக வந்து சாத்திக்கொள்ளும். தள்ளினால் முதலில் கீல் அழும். அடுத்து அடிப்பலகை தரையை உரசி உறுமும். உள்ளே வந்து கையை விட்டதும் முதுகுக்குப் பின்னால் ‘டமார்’. கல்யாண வீட்டில் சம்பந்தி வந்து இறங்கினால்கூட ஒரு வெடியோடு விட்டுவிடுவார்கள். எங்கள் நூலகத்தில் பேப்பர் படிக்க வருகிறவனுக்கு மூன்று மரியாதை.

நான் அங்கே படிக்கப் போனேன் என்று சொன்னால் பொய். காற்றாடிக்குப் போனேன். காலையில் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போய் மேலே இறக்கிவிட்டுத் திரும்பினால், சாயங்கால டிரிப் வரைக்கும் எனக்குச் சோலி கிடையாது. காற்றாடிக்குக் கீழே சும்மா உட்கார்ந்தால் எழுப்பி விடுவார்கள் என்று ஒரு பேப்பரைக் கையில் பிடித்துக்கொண்டேன். பிறகு பேப்பர் என்னைப் பிடித்துக்கொண்டது. என்னைப்போல ஒரு பத்துப் பதினைந்து பேர் உண்டு. எங்களுக்கெல்லாம் தலைவர்போல ஹெச்செம் சார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், சிலமலையிலிருந்து தினமும் சைக்கிளில் வருவார், வாசகர் வட்டத் தலைவர் என்று ஒரு பதவியும் வைத்திருந்தார். பள்ளிக்கூடத்தை விட்டு அவர் வந்துவிட்டார். அவரை விட்டுப் பள்ளிக்கூடம் போகவில்லை.

அந்த இடத்துக்குத்தான் லைப்ரரியம்மா மாற்றலாகி வந்தார். கிழக்கே கடற்கரைப் பக்கத்துக்காரர். நாற்பதைத் தாண்டியவர். ஒல்லி. கையில் எப்போதும் ஒரு துடைக்கிற துணி. மற்றவர்களுக்குக் கோபம் வந்தால் குரல் ஏறும், அவருக்கு இறங்கும். கடும்கோபம் என்றால் உதடு மட்டும்தான் அசையும். குனிந்து காது கொடுத்துத்தான் திட்டு வாங்க வேண்டும். அப்படி நான் பலமுறை குனிந்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை எஸ்டேட்டுக்கு லீவு. அன்றைக்கு மேலேயிருந்து ஜனங்களைச் சந்தைக்கு இறக்கி, சாயங்காலம் ஏற்றிக்கொண்டு போவேன். அந்த டிரிப்பில் ஒரு பெண் வரத் தொடங்கினாள். ஏலக்காய் எடுக்கிற பெண். பன்னிரண்டாவது முடித்த கையோடு கல்யாணம் பண்ணி மலையேற்றிவிட்டார்கள். எஸ்டேட்டுக்காரர்கள் கொடுத்த லயத்தில் ஒரே அறை. அதற்குள் புருஷன், மாமியார், குழந்தை, டிவி. அரசாங்கப் பரீட்சை எழுதி ஏதாவதொரு ஆபீஸில் உட்கார்ந்துவிட வேண்டும் என்பது அவள் பிடிவாதம். அட்டைப்பூச்சிக்கு இரத்தம் கொடுத்தது போதும்ணே என்பாள். பரீட்சைக்கு வேண்டிய தடித்தடிப் புத்தகங்களை நூலகத்தில் வீட்டுக்குத் தர மாட்டார்கள். அங்கேயே உட்கார்ந்துதான் படிக்க வேண்டும். வாரத்தில் அவளுக்குக் கிடைப்பது அந்த ஒரு பகல்தான். என் வண்டி இறங்கியதிலிருந்து என் வண்டி ஏறுகிற வரைக்கும்.

முதல் ஞாயிற்றுக்கிழமை அவளை நூலகத்து வாசலிலேயே இறக்கிவிட்டு, டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால், ஆள் ஜீப்பின் பின்சீட்டில் உட்கார்ந்திருக்கிறாள்.

“என்ன தாயி, பொஸ்தகம் இல்லைன்னுட்டாகளா?”

“பொஸ்தகம் இருக்கும்ணே. கதவுதான்.”

“பூட்டிக் கெடக்கா?”

“பூட்டிக் கெடந்தாத் தேவலையே. தொறந்துச்சு. அது கத்துன கத்துல அம்புட்டுப் பேரும் திரும்பிட்டாக. நான் எதுக்கு வந்தேங்கிறதே எனக்கு மறந்துபோச்சு. அப்பிடியே வந்துட்டேன்.”

மறுநாள் இதை ஒரு தமாஷாக லைப்ரரியம்மாவிடம் சொன்னேன். என் தமாஷுக்கு அவர் சிரித்ததே கிடையாது; அன்றைக்குக் கூடுதலாகவே சிரிக்கவில்லை. எழுந்து, “அண்ணே, என் நாற்காலியில கொஞ்ச நேரம் உக்காருங்க. உக்காந்து கதவப் பாக்காதீங்க. இவங்களப் பாருங்க” என்றார். அவர் மேசை வாசிப்பறையைப் பார்த்தபடி இருந்தது. உட்கார்ந்தேன். கதவு அழுதது. அத்தனை பேப்பரும் ஒன்றுபோல மூக்குக்குக் கீழே இறங்கின. வந்தவர் ஒரு தாத்தா. பேப்பர்கள் ஏறிக்கொண்டன. மறுபடியும் அழுதது. இறங்கின. டீக்கடைக்காரர். ஏறிக்கொண்டன. மூன்றாவது அழுகைக்குக் காலேஜ் பெண் ஒருத்தி வந்தாள். பேப்பர்கள் இறங்கின, இறங்கியவை இறங்கியபடியே நின்றன. அவள் அலமாரி வரைக்கும் நடந்தாள். பத்துப் பதினைந்து கழுத்துகளும் கூடவே நடந்தன. கைக்கு வந்த ஏதோ ஒரு புத்தகத்தை எடுத்து, முகத்தைத் தூக்காமல் பதிவு பண்ணிக்கொண்டு போய்விட்டாள். என்ன புத்தகம் என்று எட்டிப் பார்த்தேன். கோழி வளர்ப்பு. கூட்டத்தில் என் இடம் மட்டும் அன்றைக்குக் காலியாக இருந்தது. அங்கே நான் இருந்திருந்தால் என் கழுத்துதான் முதலில் திரும்பியிருக்கும். வளைவுக்கு வளைவு திரும்பிப் பழகிய கழுத்து.

“வருஷக்கணக்கா இந்த ஊருப் பொம்பளைங்களுக்கு வாசிக்கிற பழக்கமில்லன்னு எழுதி அனுப்பியிருக்காங்கண்ணே, எனக்கு முன்னாடி இருந்தவங்க” என்றார் லைப்ரரியம்மா. உதடு மட்டும்தான் அசைந்தது.

சத்தத்தை ஒழிக்கிற வேலை முதலில் என்னிடம் வந்தது. ஜீப்பு வைத்திருப்பவனுக்குச் சத்தத்தைப் பற்றித் தெரிந்திருக்கும் என்று அவர் நம்பினார். ஊமை பாட்டு வாத்தியாராக இருந்ததில்லையா என்று நானும் ஒப்புக்கொண்டேன். வண்டிக்கு அடிக்கிற கிரீஸை எடுத்துப் போய்க் கீலில் அப்பினேன். சத்தம் அப்படியே இருந்தது. கிரீஸ் மட்டும் இடம் பெயர்ந்தது. கதவிலிருந்து கைக்கு, கையிலிருந்து பேப்பருக்கு. மத்தியானத்துக்குள் பேப்பர் படத்திலிருந்த எல்லாத் தலைவர்களுக்கும் மீசை முளைத்திருந்தது. ஹெச்செம் சாரின் வெள்ளை வேட்டியில் ஒரு ஐந்து விரல் பதிந்தது. அது என் விரல் இல்லை என்று அவரிடம் இன்றுவரை நிரூபிக்க முடியவில்லை. அடுத்து தேங்காய் எண்ணெய் விட்டேன். சத்தத்தோடு எறும்பும் சேர்ந்தது. கோளாறு கீலில் இல்லை, நிலையில் இருந்தது. நிலையைப் பெயர்த்து நிமிர்த்தி வைக்க வேண்டும். அதற்கு மேலிடத்தில் அனுமதி வாங்க வேண்டும்.

லைப்ரரியம்மா எழுதிப் போட்டார். திரும்பத் திரும்ப எழுதினார். கடைசியில் பதில் வந்தது. கதவுக்கு ஒதுக்கீடு இல்லையாம். ஆனால் வாசிப்பறையில் சத்தம் இருப்பதாகத் தெரிய வருவதால் ஒரு அறிவிப்புப் பலகை அனுப்பியிருக்கிறார்களாம். ‘அமைதி காக்கவும்’. ஹெச்செம் சார் அதைத் தன் கையாலேயே ஆணியடித்து மாட்டினார். எங்கே? கதவில். அன்றிலிருந்து கதவு, ‘அமைதி காக்கவும்’ என்று நெஞ்சில் எழுதிக்கொண்டு கத்தியது.

அப்புறம் லைப்ரரியம்மா ஒரு கல்லைக் கொண்டுவந்து கதவைத் திறந்து வைத்து முட்டுக் கொடுத்தார். திறந்தே கிடந்தால் யாரும் திறக்க வேண்டியதில்லை அல்லவா? ஹெச்செம் சார் வந்தார், கல்லைக் காலால் ஒதுக்கினார், கதவு ‘டமார்’. “வாசிப்பறைன்னா கதவு சாத்தித்தாம்மா இருக்கணும். தெருத்தூசி வருதுல்ல?” இவர் கல்லை வைப்பார், அவர் ஒதுக்குவார். ஒருநாள் லைப்ரரியம்மா நேராகவே கேட்டுவிட்டார்.

“சார், சத்தம் உங்களுக்குத் தொந்தரவா இல்லையா?”

“தொந்தரவுதாம்மா. ஆனா யாரு வர்றா போறான்னு தெரியணுமா இல்லையா? பொது இடம் பாருங்க. ஒரு பாதுகாப்பு.”

“யாருக்கு சார் பாதுகாப்பு?”

ஹெச்செம் சார் பேப்பரைத் தூக்கிக்கொண்டார். அவர் விடை தெரியாத கேள்விக்கெல்லாம் அப்படித்தான் செய்வார்.

எங்கள் நூலகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. அந்த வெள்ளிக்கிழமை காலை பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நான் டீ குடித்துக்கொண்டிருந்தபோது லைப்ரரியம்மா வந்து நின்றார். “அண்ணே, ஜாக்கி இருக்கா?” வண்டி பஞ்சர் என்று நினைத்தேன், அவரிடம் வண்டியே கிடையாது என்பது கம்பிக் கேட்டைத் திறக்கும்போதுதான் நினைவுக்கு வந்தது. கதவைக் காட்டினார். “தூக்கணும்.” “மேடம், கவர்மெண்டு கதவு…” என்றேன். “நானும் கவர்மெண்டுதான். தூக்குங்க” என்றார்.

அடிப்பலகைக்குக் கீழே ஜாக்கியைக் கொடுத்து ஏற்ற ஏற்ற, கதவு தன் ஆயுசுக்கும் சேர்த்து ஒரு கத்துக் கத்தியது. மேல் கீல் கழன்று வந்தது. கீழ்க்கீல் வர மாட்டேன் என்று நின்று, கடப்பாரை நெம்பலுக்குப் பாதியாக ஒடிந்தது. பாரம் என் பக்கம் சாய்ந்தது. நான் ‘ஆத்தாடி’ என்று ஒதுங்கினேன். அவர் ஒதுங்கவில்லை, சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு தோளைக் கொடுத்தார். “பிடிங்கண்ணே! நான் புத்தக மூட்டை தூக்குற ஆளு, எனக்கு இது என்ன?” இருவருமாகக் கதவை உள்ளே இழுத்துப் போய், அவர் மேசைக்குப் பக்கத்தில் இரண்டு பெஞ்சுகளின்மேல் படுக்கப் போட்டோம். துடைக்கிற துணியால் அதைத் துடைத்தார். ‘அமைதி காக்கவும்’ பலகை மேலே பார்த்தபடி இருந்தது. அதை அவர் கழற்றவில்லை. “இப்பதான் அதுக்கு அர்த்தம் வந்திருக்கு” என்றார். ஒடிந்த பாதிக் கீலை நான் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன், எதற்கென்று தெரியாமல்.

ஞாயிற்றுக்கிழமை என் ஜீப்பில் வந்த பெண்ணை, “போய்ப் பாரு தாயி, கதவு செத்துப்போச்சு” என்று அனுப்பினேன். செருப்பை நடையிலேயே கழற்றிவிட்டுப் போனாள். ஒரு பேப்பர்கூட இறங்கவில்லை. அவள் வந்ததே யாருக்கும் தெரியவில்லை. கதவின்மேல் புத்தகத்தை விரித்துக் குனிந்தவள், சாயங்காலம் நான் போய் ஹாரன் அடிக்கிறவரைக்கும் நிமிரவில்லை. அடுத்தடுத்த வாரங்களில் ஏலக்காய்க் கடையில் காய் தரம் பிரிக்கிற பெண்கள் இரண்டு பேர் வந்தார்கள். கோழி வளர்ப்பு எடுத்துப் போன காலேஜ் பெண் அதைத் திருப்பிக் கொடுக்க வந்து அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நாளில் அந்தக் கதவைச் சுற்றிலும் முழங்கையோடு முழங்கை இடிக்கிற கூட்டம். என் ஜீப்புப் பெண், அக்காவை மலையாளத்தில் கூப்பிடுகிற எஸ்டேட் பழக்கத்தில், லைப்ரரியம்மாவைச் சேச்சி என்று கூப்பிடப்போய், எல்லாருக்கும் அவர் சேச்சி ஆகிவிட்டார். அவர்கள் அந்தப் பலகையை மதித்தார்கள் என்று சொல்ல மாட்டேன். குசுகுசுவென்று பேசிச் சிரிப்பார்கள். லைப்ரரியம்மா அதட்டியதில்லை.

ஆனால் ஒன்றை இரண்டு பேருமே மறந்துபோனோம். அவர் வெளியூர், மன்னிக்கலாம். நான் இந்த மண்ணிலேயே புரண்டவன். கதவைக் கழற்றியது சித்திரையில். ஆடி என்று ஒரு மாதம் வரும் என்பது எனக்குத் தோன்றவில்லை. போடியில் ஆடிக்காற்று என்பது காற்று இல்லை. மெட்டுக் கணவாய் வழியாக மலை இறங்கி வருகிற ரௌடி அது. முதல் நாளே கம்பிக் கேட் வழியாகப் புகுந்து, வாசிப்பறையில் அத்தனை பேர் கையிலிருந்ததையும் பிடுங்கிக்கொண்டது. ஹெச்செம் சார் தலையங்கப் பக்கத்தைத் துரத்திக்கொண்டு நடை வரைக்கும் ஓடினார். அங்கே அது கம்பியில் ஒட்டி நின்றது. அந்தப் பக்கத் தெருவில் நின்றிருந்த ஆடு ஒன்று அதைப் பாதி வாசித்து முடித்திருந்தது. நான் சிரித்தேன். அதாவது, வருந்தினேன்; பார்த்தவர்களுக்குச் சிரிப்பாகத் தெரிந்தது.

ஜீப்பின் பின்பக்கப் படுதாவை அவிழ்த்துக்கொண்டு போனேன். மழைக்குக் கட்டுகிற கனத்த தார்ப்பாய். நிலையின் மேல்சட்டத்தில் கயிறு போட்டு இறுக்கி, வாசலில் தொங்கவிட்டோம். காற்று அடங்கியது. ஆனால் படுதா காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் படபடவென்று அடித்தது. கதவே தேவலை என்கிற சத்தம். லைப்ரரியம்மா முகம் சுண்டிப்போயிற்று. இரண்டு நாள் கழித்து அவரே என்னைக் கூப்பிட்டார். “அண்ணே, கவனிச்சீங்களா? யாருமே திரும்பல.” கவனித்தேன். படுதா ஓயாமல் அடித்ததால், ஆள் விலக்கி வருகிறார்களா, காற்று விலக்குகிறதா என்று ஒருவருக்கும் தெரியவில்லை. முதல் நாள் திரும்பித் திரும்பிப் பார்த்துக் கழுத்து வலித்து, இரண்டாம் நாள் விட்டுவிட்டார்கள். “சத்தம் இல்லாம இருக்கணும்னு அவசியம் இல்லண்ணே. சேதி இல்லாம இருந்தாப் போதும்” என்றார். இதை நான் அன்றைக்குத் தலையாட்டிக் கேட்டேன். புரிவதற்குப் பல வருஷம் ஆனது. என் மண்டைக்கும் நிலை கொஞ்சம் இறக்கம்தான்.

ஹெச்செம் சார் மனு எழுதினார். கதவு அகற்றப்பட்டதால் கால்நடைகள் புழங்குவதாகவும், வாசிப்பறையின் கண்ணியம் கெட்டுவிட்டதாகவும். அவரே அதை எங்களுக்கு உரக்க வாசித்துக் காட்டினார். நல்ல தமிழ், குறை சொல்ல முடியாது. மேலிடத்தில் நிலையை நிமிர்த்த ஒரு தச்சரை அனுப்ப முடியாதவர்கள், மனு போனதும் ஒரு அதிகாரியைக் காரில் அனுப்பினார்கள். அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் உள்ளே இருந்தேன். படுதா அவர் முகத்தில் அறைந்து வரவேற்றது. கதவைச் சுற்றி ஏழெட்டுப் பெண்கள் குனிந்திருந்தார்கள். என் ஜீப்புப் பெண் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

“கதவு எங்கம்மா?”

“இதுதான் சார். படிச்சுக்கிட்டு இருக்காங்க.”

அதிகாரி அந்தப் பெண்களைப் பார்க்கவில்லை. அவர்கள் முழங்கைக்குக் கீழே இருந்த கதவுப்பலகையைப் பார்த்தார். “கதவுன்னா செங்குத்தா நிக்கணும்மா. இது படுத்துருக்கு.”

“நின்னப்ப யாரும் உள்ள வரல சார். படுத்ததும் வந்தாங்க.”

“அரசாங்கச் சொத்த யாரக் கேட்டுக் கழட்டினீங்க?”

லைப்ரரியம்மா பதில் சொன்னார். உதடு அசைந்தது, எனக்குக் கேட்கவில்லை. அதிகாரி குனியாத ஜாதி, அவருக்கும் கேட்டிருக்காது. நான் எழுந்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று பேப்பரை மடித்தேன். “சார், ஜாக்கி என்னுதுதான்” என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். “எதுக்குய்யா சிரிக்கிற?” என்றார்.

மாற்றல் உத்தரவு சீக்கிரமே வந்துவிட்டது. நிலைக்கு ஒதுக்கீடு இல்லாத இடத்தில் உத்தரவுக்கு மட்டும் பஞ்சமே இல்லை. லைப்ரரியம்மாவை மாவட்டத்தின் மறுகோடிக்கு அனுப்பினார்கள். அவரை பஸ் ஏற்றிவிட நான்தான் போனேன். பெட்டியை மேலே வைத்துவிட்டு, ஏதாவது தமாஷ் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். “வேணாம்ணே” என்றார். பஸ் கிளம்பும்போது ஜன்னல் வழியாகக் குனிந்து, “படுதாவ அவுத்துக்கிட்டுப் போயிருங்க. அதையும் சொத்துக் கணக்குல சேத்துருவாங்க” என்றார். அவர் சொல்லி நான் கேட்ட ஒரே தமாஷ் அதுதான். எனக்குச் சிரிப்பு வரவில்லை; பல் மட்டும் தெரிந்திருக்கும்.

கதவை மறுபடி மாட்டினார்கள். ஒடிந்த கீலுக்குப் பதில் புதுக் கீல். அதற்கு எங்கிருந்தோ ஒதுக்கீடு வந்துவிட்டது. நிலை அதே நிலைதான், ஆகவே சத்தமும் அதே சத்தம். ஞாயிற்றுக்கிழமை என் ஜீப்புப் பெண் போனாள். பரீட்சைக்குக் கொஞ்ச நாள்தான் இருந்தது. நான் பின்னாலேயே போனேன். கதவு அழுதது, உறுமியது. மாதக்கணக்காகப் பட்டினி கிடந்த கழுத்துகள் அத்தனையும் ஒரே வீச்சில் திரும்பின. அவள் வாசற்படியில் ஒரு காலும் நடையில் ஒரு காலுமாக நின்றாள். படுத்த கதவு இல்லை, சேச்சி இல்லை. காலை எடுத்துக்கொண்டாள். அவள் விட்ட கதவு ‘டமார்’ என்று சாத்திக்கொண்டது.

“போதும்ணே” என்று சொல்லி ஜீப்பில் ஏறி உட்கார்ந்தாள். அந்தப் பகல் முழுக்க உட்கார்ந்திருந்தாள். மற்றப் பெண்களும் ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். அவள் பரீட்சை எழுதினாள், தேறவில்லை.

தேறாததற்குக் கதவா காரணம் என்று கேட்பீர்கள். ஹெச்செம் சாரும் அதையேதான் கேட்டார்: “ஏப்பா டிரைவரு, படிக்கிற புள்ள எங்க இருந்தாலும் படிக்கும். கதவு என்ன செய்யும்?” இந்த வாக்கியத்தைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஜாக்கியை எடுக்கத் தோன்றும். படிக்கிற பிள்ளை எங்கே இருந்தாலும் படிக்கும் என்று சொல்கிறவர்கள், தாங்கள் படித்த இடத்தில் தங்களை யாராவது ஒரு மணி நேரம் உற்றுப் பார்த்திருக்கிறார்களா என்று சொல்லட்டும். நான் ஆம்பிளை, பேப்பரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு அந்த அறையில் ஒரு தூக்கமே தூங்கியிருக்கிறேன். ஒருவன் திரும்பவில்லை. ஒரு பெண் நேராகப் பிடித்துப் படிப்பதற்கு இத்தனை கழுத்துகளைத் தாண்ட வேண்டும். தாண்ட முடியாமல் போனால், வாசிக்கிற பழக்கமில்லை என்று எழுதி மேலே அனுப்பிவிடுவார்கள். அந்தக் கதவை ஒரு தச்சர் அரைநாளில் ஊமையாக்கியிருப்பார். செய்யவில்லை. செய்தவரைத் துரத்தினார்கள். இதில் ஒருவர்கூடக் கெட்ட மனுஷர் இல்லை என்பதுதான் என் வயிற்றெரிச்சல். ஹெச்செம் சார் ஏழைப் பிள்ளைகளுக்குச் சும்மா பாடம் சொல்லிக் கொடுத்தவர். அந்த அதிகாரி போகும்போது எல்லாருக்கும் வணக்கம் சொல்லிவிட்டுத்தான் போனார். கெட்டவர்களாக இருந்திருந்தால் ஒரு தடவை திட்டிவிட்டு ஆறியிருப்பேன்.

வருஷங்கள் போய், இப்போது நூலகத்துக்குப் புதுக்கட்டடம். கண்ணாடிக் கதவு, கிட்டே போனால் தானாக விலகும். கீல் இல்லை, நிலை இல்லை, எறும்பு இல்லை. திறப்பு விழா முடிந்த மறுவாரம் நான் போனேன். கதவு வழுக்கிக்கொண்டு விலகியது. லைப்ரரியம்மா இதைப் பார்க்க வேண்டுமே என்று நெஞ்சு நிறைந்து ஒரு காலை உள்ளே வைத்தேன். தலைக்கு மேலே ஒரு பெட்டி ‘டிங் டாங்’ என்றது. அப்புறம் ஒரு பெண்குரல், ஊருக்கே கேட்கிற மாதிரி, “வெல்கம்!”

அத்தனை செல்போன்களும் மூக்குக்குக் கீழே இறங்கின.

அங்கே மேசையில் இருந்த பையனிடம் இதை நிறுத்த முடியாதா தம்பி என்று கேட்டேன். “அது செட்டிங்குண்ணே. நம்ம கையில இல்ல. பழகிரும்” என்றான். எனக்கு வந்த கோபத்தில், மூக்குக்கண்ணாடியை ஜீப்பிலேயே மறந்துவிட்டு வந்தது பேப்பரை விரித்த பிறகுதான் தெரிந்தது. வெளியே போனேன். டிங் டாங், வெல்கம். போகிறவனுக்கும் வெல்கம்தான், அது என்னைவிட மறதிக்காரப் பெட்டி. கண்ணாடியோடு உள்ளே வந்தேன். டிங் டாங். தலைகள் திரும்பின, நான். ஜீப் சாவியை வண்டியிலேயே விட்டிருந்தேன். டிங் டாங். நான். டிங் டாங். மறுபடியும் நான். அடுத்த டிங் டாங்குக்குப் பாதித் தலைகள்தான் திரும்பின. அங்கேயே, வாசல் நடுவில், எனக்குப் படுதா ஞாபகம் வந்தது. சேதி இல்லாம இருந்தாப் போதும்.

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை எனக்கு இதுதான் சோலி. மெட்டிலிருந்து இறக்கி வந்த பெண்களை மரத்தடியில் நிற்க வைத்துவிட்டு, நான் உள்ளே போவேன், வெளியே வருவேன். உள்ளே, வெளியே. “என்னண்ணே, எதையாச்சும் தொலைச்சுட்டீங்களா?” என்று அந்தப் பையன் கேட்டான். “ஆமா தம்பி, ரொம்ப நாளாச்சு” என்றேன். “இந்தாளுக்குக் கழண்டுபோச்சு” என்று ஒருவர் பக்கத்திலிருப்பவரிடம் சொன்னது காதில் விழுந்தது. கழன்றதுதான், இதோ டேஷ்போர்டில் கிடக்கிறது. கொஞ்ச நேரத்தில் ஒரு தலைகூடத் தூக்காது. வெல்கம், வெல்கம் என்று அது நாய்போலக் குரைத்துக்கொண்டிருக்க, நான் வாசலில் நின்று மரத்தடியைப் பார்த்துக் கையைக் காட்டுவேன். “இப்பப் போங்க ஆத்தா, வெரசா.”

போன வாரம் அந்தக் கூட்டத்தின் கடைசியில் என் பழைய ஜீப்புப் பெண்ணும் நின்றாள். காதோரம் நரைத்திருக்கிறது. இன்னும் காய்தான் எடுக்கிறாள்.

“நீயுமா தாயி? பரீச்சையா?”

“பரீச்ச வெறியெல்லாம் அப்பவே போச்சுண்ணே. படிக்கிற வெறி போகல.” உள்ளே போனாள். நான் அவளுக்காக இரண்டு டிங் டாங் கூடுதலாகவே போட்டேன்.

சாயங்காலம் முன்சீட்டில் ஏறினாள். கையில் தடித்த புத்தகம்; இப்போது வீட்டுக்குத் தருகிறார்களாம். கீலைப் பார்த்தாள். இன்னுமா வச்சிருக்கீக என்று கேட்டுவிட்டு, அதை ஓரமாகத் தள்ளிப் புத்தகத்தை அங்கே வைத்தாள். வண்டி மெட்டு ஏறியது. முதல் வளைவில் கீல் நகர்ந்து போய்ப் புத்தகத்தில் முட்டியது. சத்தம் வரவில்லை. அடுத்த வளைவிலும் வரவில்லை. நான் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினேன்.

“என்னண்ணே சிரிக்கிறீக?” என்றாள்.